காது கேட்டதா, கண் கேட்டதா?

வியன்னா நகரம். 1803-ஆம் ஆண்டு, மே திங்கள் 24-ஆம் நாள். காலை மணி எட்டு. ஔகார்ட்டன் பூங்கா மண்டபத்திலே சீமான்களும் சீமாட்டிகளும் வந்து அமர்ந்துள்ளனர். மேடையிலே பியானோ. அதன்முன் இருப்பவர் முப்பத்திரண்டு வயதினர். செவிப்புலன் குன்றத் தொடங்கிவிட்டது அவருக்கு. அந்த வேதனையை முந்திய ஆண்டு தம் தம்பியருக்கு மடலாகத் தீட்டி, அனுப்பாமலே வைத்துக்கொண்டவர். பீத்தோவன் அவர் பெயர். பக்கத்திலே பிடிலை ஏந்தி நிற்பவர் இளைஞர். தந்தை வழியிலே ஆப்பிரிக்கக் குருதி. அவர் நிறம் அவையோரின் நிறமன்று. ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் அவர் பெயர்.

அவர்கள் வாசிக்கப்போகும் இசையோ, மை காயாதது! விடியற்காலை நாலரை மணிக்குத் தம் மாணவர் ரீசை அழைத்து, முதற்பகுதியின் பிடில் வரிகளை விரைந்து படியெடுக்கச் சொல்லியிருந்தார் பீத்தோவன். இரண்டாம் பகுதியைப் படியெடுக்க நேரமில்லை. பீத்தோவனின் கையெழுத்துத் தாளைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் வாசித்தாக வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கண்டவர்கள் அறிவார்கள், அது எத்துணைக் கொடிய சோதனை என்று! பியானோவுக்குரிய வரிகளோ பல இடங்களிலே வெறுங் குறிப்புகள். மற்றவை ஆக்கியோன் தலைக்குள்ளே. மூன்றாம் பகுதி மட்டும் வேறொரு சொனாட்டாவுக்காக முன்னமே எழுதி, பின் வேண்டாமென ஒதுக்கி வைத்திருந்தது. அதை எடுத்து இதனோடு சேர்த்துக்கொண்டார்.

இன்று உலகம் இந்த இசையைக் ‘கிரொய்ட்சர் சொனாட்டா’ என்று அழைக்கிறது. பிரிட்ஜ்டவருக்கென்று எழுதி, பிரிட்ஜ்டவர் வாசித்து அரங்கேறிய இசை. அதற்குப் பெயரோ, அதை வாசிக்க மனமில்லாதிருந்த வேறொருவருடையது! இஃது எப்படி நேர்ந்தது? அந்த இசையைக் கேட்டவர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கும் வண்ணம் கருத்துரைத்தது ஏன்? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகளல்ல என்பது நம் எண்ணம்.

சொனாட்டா என்றால் என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். அது பாட்டன்று. அதற்கு வரி இல்லை, சாகித்தியம் இல்லை, பாடுபவர் இல்லை. கருவிகளுக்கென்றே எழுதப்பெற்றுப் பல பகுதிகளாக நீளும் இசை. அதற்கு முன்பெல்லாம் இவ்வகை இசை ஏட்டின் முகப்பிலே, ‘பிடில் துணையோடு பியானோவுக்கு’ என்ற முறையில் அச்சிடுவது வழக்கம். பியானோ எசமானன்; பிடில் ஏவலாள். நம் கச்சேரி மேடையிலே பாடகர் முன்னே நடக்க, பிடில் நிழலெனப் பின்தொடருகிறதே, ஏறத்தாழ அந்த நிலை. இந்தச் சொனாட்டாவிலோ ஏவலாள் நிமிர்ந்து நிற்கிறான்! முதலிலே ஒலிப்பது பிடில்தான். துணையின்றித் தனித்து, நான்கு அளவுகள், அமைதியாக. பிறகுதான் பியானோ மறுமொழி கூறுகிறது, சற்றுத் துயரம் தோய்ந்த குரலில். பின்னர்ப் பொறி பறக்கும் வேகம். ஒருவர் எறிய மற்றவர் பிடிக்க, ஒருவர் வினவ மற்றவர் வெட்டிப்பேச, யார் பெரியவர் என்ற வழக்குத் தீராமலே முதற்பகுதி முடிகிறது. முழு வாத்தியக் குழுவோடு தனிக்கருவி பொருதும் ‘கான்சர்ட்டோ’ முறையை ஒட்டியது இது என்று, 1805-இல் வெளிவந்த ஏட்டின் முகப்பிலேயே பீத்தோவன் அறிவித்தார். அரண்மனைக்கு அடங்கிய அழகைத் தாண்டி, உள்ளக் கொந்தளிப்பைக் கூச்சமின்றிக் கூறத் துணிந்த காலத்தை ‘ரொமான்டிக்’ காலம் என்பர் இசை வரலாற்றார். அந்தக் காலத்தின் வாயிற்படியிலே நிற்பது இந்த இசை.

சரி, அன்று காலை என்ன நடந்தது?

சான்றுகள் இரண்டு உள. ஒன்று, பிரிட்ஜ்டவரே தம்மிடமிருந்த படியிலே எழுதிவைத்த குறிப்பு. முதற்பகுதியில் ஓரிடத்திலே பியானோ தனியாக மேலேறிக் கீழிறங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத் தாமும் பிடிலிலே அப்படியே திருப்பிச் செய்து காட்டினாராம் பிரிட்ஜ்டவர். தாளில் எழுதாதது, அந்த நொடியில் தோன்றியது. பீத்தோவன் இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்தார், ஓடி வந்து தழுவிக்கொண்டார், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் என்கிறது குறிப்பு. இரண்டாம் பகுதியைக் கேட்ட அவையோர் ஒருமனதாக மீண்டும் மீண்டும் வேண்டிக் கேட்டனர் என்பதும் அதிலே உண்டு.

மற்றொரு சான்று, பீத்தோவனின் மாணவர் செர்னி விட்டுச் சென்றது. பிரிட்ஜ்டவர் மிகையான ஆட்டத்தோடு வாசித்தார், பீத்தோவனோடு சேர்ந்து இந்தச் சொனாட்டாவை அவர் வாசித்தபோது கேட்டோர் சிரித்தனர் என்பது அவர் கூற்று.

ஒரே காலை. ஒரே மண்டபம். ஒரே இசை. ஒருவர் சொல்கிறார், மீண்டும் வேண்டினர் என்று. மற்றவர் சொல்கிறார், சிரித்தனர் என்று. எதை நம்புவது?

வரலாறு படித்தவன் இங்கே அவசரப்படமாட்டான். பிரிட்ஜ்டவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியவர். தம் வெற்றியைக் கூட்டிச் சொல்லும் ஆசை எவர்க்கும் உண்டு. செர்னியோ, அந்த ஆண்டு பன்னிரண்டு வயதுச் சிறுவர்; பிற்காலத்திலே எழுதியவர். ஆக, இருவர் சொல்லையும் எடை போட்டுத்தான் கொள்ளவேண்டும். இன்னொன்று, இரண்டு சான்றும் ஒருசேர உண்மையாக இருக்கவும் கூடும்! ஒரே அவையிலே சிரித்தவரும் இருந்திருக்கலாம், மீண்டும் கேட்டவரும் இருந்திருக்கலாம். நம்மூர்க் கூத்துக் கொட்டகையிலே காண்பதில்லையா?

நாம் கவனிக்கவேண்டியது வேறு. செர்னியின் கூற்றிலே குறை எதைப் பற்றியது? சுருதி பிசகிற்று என்றா சொன்னார்? தாளம் தவறிற்று என்றா? வில்லின் ஒலி கரகரத்தது என்றா? இல்லை. ஆட்டம் மிகை என்றார். அதாவது, கண்ணுக்குப் பட்டது. காது என்ன கேட்டது என்பதற்கு அந்தக் கூற்றிலே விடை இல்லை. ஆனால் அதே அவையிலே, அதே மேடையிலே, இசையின் நடுவே இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்தவர் பீத்தோவன்! அவர் செய்தது மிகை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அதை மேதையின் வேகம் என்று வியந்து எழுதினர் பின்வந்தோர். ஒருவர் துள்ளினால் மேதைமை. இன்னொருவர் அசைந்தால் நகைப்பு!

யார் இந்த பிரிட்ஜ்டவர்? போலந்து நாட்டிலே பியாலா என்னும் ஊரிலே பிறந்தவர். தாய் ஐரோப்பியப் பெண். தந்தையின் வேர், ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்திலே வாட்டிய பார்படோசு தீவிலே என்பர். அந்தத் தந்தை, ஹைடன் பணியாற்றிய எஸ்தர்ஹாசி அரண்மனையிலே ஊழியம் பார்த்தவர். மகனின் திறமையைக் கண்டு, பாரிசுக்கு அழைத்துச் சென்று 1789-இல் மேடையேற்றினார். பிள்ளைக்கு அப்போது வயது பத்தளவு. அங்கிருந்து இலண்டன். ‘ஆப்பிரிக்க இளவரசரின் மகன்’ என்று விளம்பரம்! தந்தை துருக்கி நாட்டு உடையணிந்து கூட்டத்திலே உலவுவார். அரண்மனை ஊழியர் இளவரசராக வேடம் பூண்டது ஏன் என்று சிலர் ஏளனம் செய்யலாம். கறுப்பன் ஒருவன் மேடைக்கு வரவேண்டுமானால், ஒன்று அடிமையாக வரவேண்டும், அல்லது வேடிக்கைப் பொருளாக வரவேண்டும் என்றிருந்த உலகத்திலே, இரண்டாவது வேடத்தை அவர் தேர்ந்தார், அவ்வளவே. பின்னர் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரே பிள்ளையைத் தம் ஆதரவிலே ஏற்றுக்கொண்டார்; தந்தையை நாட்டைவிட்டே அனுப்பினார்.

காலத்தையும் சற்றே நினைவில் கொள்வோம். பிரெஞ்சுப் புரட்சி 1794-இல் ஒழித்த அடிமை முறையை, நெப்போலியன் 1802-இல் மீண்டும் கொணர்ந்தான். அதை எதிர்த்துப் போரிட்ட கறுப்பின மக்கள், 1804-ஆம் ஆண்டின் முதல் நாளிலே எய்தித் தீவை விடுதலை நாடாக அறிவித்தனர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே விழுகிறது அந்த மே மாதக் காலை. ஒரு கறுப்பர் கையிலே சங்கிலியைக் காண்பதா, வில்லைக் காண்பதா என்று ஐரோப்பா முடிவு செய்யாத நேரம்.

பீத்தோவன் முடிவு செய்துவிட்டார் என்றே முதலில் தோன்றியது. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு சீமான் ஒருவருக்கு எழுதிய மடலிலே, தம் கருவியை முற்றும் வென்ற வல்லுநர் என்று பிரிட்ஜ்டவரைப் பாராட்டி அறிமுகம் செய்தார். சொனாட்டாவின் கையெழுத்துத் தாளிலும் அவர் பெயரைத்தான் எழுதினார். எப்படி? ‘கலப்பினத்தானுக்காக இயற்றிய கலப்பினச் சொனாட்டா’ என்ற பொருளிலே, பெரும் பித்தன் என்ற செல்லத் திட்டும் சேர்த்து! நண்பர்க்குள் நடந்த விளையாட்டு என்று சொல்லிவிடலாம். விளையாட்டுத்தான். ஆனால், அந்த விளையாட்டுக்குக் கிடைத்த முதல் சொல் நிறமாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பீத்தோவனிடம் நமக்குப் பற்று உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது பகுத்தறிவாகாது.

பிறகு இருவருக்கும் மனக்கசப்பு. ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சால் வந்தது என்று, பிரிட்ஜ்டவர் முதுமையிலே ஒருவரிடம் கூறியதாகச் செய்தி. காரணம் எதுவானால் என்ன? பெயர் போயிற்று! 1805-இல் சிம்ராக் பதிப்பகம் வெளியிட்டபோது, முகப்பிலே பாரிசு நகரத்து இசைப் பேராசிரியர் ரொடோல்ப் கிரொய்ட்சரின் பெயர் இருந்தது. பீத்தோவனுக்கு அந்நாளிலே பாரிசுக்குக் குடிபெயரும் எண்ணம். கிரொய்ட்சர் அங்கே செல்வாக்குள்ளவர். வியன்னாவிலே முன்பு சந்தித்துப் பழகியவரும்கூட. அடக்கமும் இயல்பும் உடையவர், வெளிப்பகட்டுக் கலைஞர் பலரினும் மேலானவர் என்று பதிப்பாளருக்கு எழுதிய மடலிலே புகழ்ந்திருக்கிறார் பீத்தோவன். வெளிப்பகட்டு! ஆட்டம் மிகை என்று யாரையோ குறித்த அந்தப் பழைய பேச்சு நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

பெயரைப் பெற்ற கிரொய்ட்சர் என்ன செய்தார்? ஒருநாளும் அதை மேடையிலே வாசிக்கவில்லை என்பர். அவருக்கு அது பொருள் விளங்காத கூச்சலாகப் பட்டது என்று எழுதுகிறார் பிரெஞ்சு இசைமேதை பெர்லியோஸ். கிரொய்ட்சரை நாம் இகழவேண்டியதில்லை. பிடில் பயிலும் மாணவர்க்கு அவர் எழுதிய நாற்பத்திரண்டு பயிற்சிகள் இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. கைதேர்ந்த ஆசிரியர். ஆயினும் தம் பெயரைச் சூடி வந்த இசை தம் காதுக்கு எட்டவில்லை. ஒரு வகையிலே அவரை நாம் மதிக்கவும் வேண்டும். தம் பெயர் இருக்கிறது என்பதற்காக, பிடிக்காததைப் பிடித்தது என்று கூறவில்லை அவர்.

லைப்சிக் நகரத்து இசை ஏடு 1805-இல் எழுதிய மதிப்புரையும் காரமானது. எல்லாரினும் வேறுபட்டு நிற்கவேண்டும் என்ற வெறியால், கலையிலே ஒருவகைப் பயங்கர ஆட்சி நடத்துகிறார் பீத்தோவன் என்ற பொருள்பட எழுதியது அது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பாரிசு நகரத்துத் தூக்குமேடைகளும் தலைவெட்டுப் பொறியும் 1793, 1794-ஆம் ஆண்டுகளிலே ஐரோப்பியச் சீமான்களின் உறக்கத்தைக் கெடுத்தன. அந்த அச்சத்தின் மொழி, பத்தாண்டு கழித்து, ஒரு பிடில் இசையின் மதிப்புரையிலே தலைநீட்டுகிறது! பிடில் பியானோவுக்குச் சமமாக நின்று பேசுவதைக் கேட்டவருக்கு, குடியானவன் கோமானுக்குச் சமமாக நின்று பேசுவது நினைவுக்கு வந்ததோ என்னவோ. அதே மதிப்புரையாளர் இன்னொன்றும் சொன்னார்: எந்தக் கடினமும் கடினமாகத் தோன்றாத வல்லுநர் இருவர் சேர்ந்து வாசித்தால், இதிலே இன்பம் காணலாம் என்று. ஆக, அவர் காது வேலை செய்யாமலில்லை. காது ஒன்று சொல்ல, பயம் மற்றொன்று சொல்ல, இரண்டையும் ஒரே மதிப்புரையிலே எழுதிவிட்டார்.

ஆண்டுகள் எண்பது கடந்தன. செருமனியர் ஆக்கிய இசை உருசியர் ஒருவரின் பேனாவுக்கு வந்து சேர்ந்தது. (நெய்வேலியிலே வாழும் நமக்கு இந்தக் கூட்டு புதிதன்று. இங்கே மண்ணை வாரும் வாளிச் சக்கரம் செருமனியிலிருந்து வந்தது. முதல் அனல்மின் நிலையம் உருசிய உதவியோடு எழுந்தது.) 1889-இல் டால்ஸ்டாய் எழுதிய குறுநாவலுக்கு இந்தச் சொனாட்டாவின் பெயரே தலைப்பு. மனைவி பியானோ வாசிக்கிறாள். பிடில்காரர் ஒருவர் உடன் வாசிக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கணவன் நெஞ்சிலே ஐயம் மூள்கிறது. பின்னொரு நாள் அவளைக் குத்திக் கொல்கிறான். கொன்றவன் பழியை எங்கே போடுகிறான்? இசையின்மீது! முதற்பகுதியை மாதர் கூடிய விருந்தறையிலே வாசிக்கவே கூடாதாம். அத்துணைக் கொடிய ஆற்றல் அதற்காம். வியன்னா அவை மீண்டும் மீண்டும் வேண்டிய இரண்டாம் பகுதியோ, அவனுக்கு அழகானது, ஆனால் புதுமையற்றது, மட்டமான அலங்காரம் கொண்டது. மூன்றாம் பகுதி வலுவற்றது.

இசையைக் கேட்டு ஆயிரமாயிரம் பேர் வீடு திரும்பினர், கத்தியை எடுக்கவில்லை. இவன் கையிலே கத்தியை வைத்தது பிடிலின் நரம்பா, மனைவி என் உடைமை என்ற எண்ணமா? உருசிய அரசு அந்த நூலுக்குத் தடை போட்டது. தடையை நீக்க மன்னரிடம் நேரிலே சென்று வாதாடியவர் டால்ஸ்டாயின் மனைவி சோபியா. தம் குடும்ப வாழ்வையே குத்திக்காட்டுவதாக ஊர் பேசிய நூலுக்காக அவரே வாதாடினார்! அதே சோபியா, அந்தக் கதைக்கு மறுப்பாக, ‘யார் குற்றம்?’ என்ற பொருள்படும் தலைப்பிலே, மனைவியின் பக்கம் நின்று ஒரு கதை எழுதினார். கணவர் கதையை உலகம் உடனே படித்தது. மனைவி கதை அச்சேறியது 1994-இல்! நூறாண்டு, ஒரு கேட்பவரின் கருத்து மேசை அறைக்குள்ளே கிடந்தது. கருத்து வேறுபாடு என்று பேசும்போது, அச்சேறிய கருத்துகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறோம் நாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே பிடில், கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. வியன்னாவிலே அந்தச் சொனாட்டா அரங்கேறிய தலைமுறையிலேதான், இங்கே முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858), சென்னையிலே ஐரோப்பியக் கலைஞரிடம் பிடில் பயின்றார். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவு அதற்கிருந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவின் வாசிப்பிலே மகிழ்ந்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். நின்று, தோளிலே வைத்து வாசித்த கருவியை, சப்பணமிட்டு அமர்ந்து, அதன் தலையைக் காலிலே ஊன்றி வாசிக்கக் கற்றனர் நம்மவர். கடல் கடந்து வந்த கருவி, அந்நாளிலே ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு பூண்டது, கிறித்தவர் கைப்பட்டது. தீட்டு என்று ஒதுக்கினார்களா? இல்லை! காது கேட்டது, பிடித்தது, ஏற்றார்கள். நம் இசை வரலாற்றிலே காது தனியாக நின்று நேர்மையாகத் தீர்ப்பளித்த இடங்களுள் இது ஒன்று.

அதே அவை, நாதசுரத்துக்கு என்ன தீர்ப்பளித்தது? உலகிலே ஒலி வளத்தால் அதற்கு இணையான காற்றுக் கருவி சிலவே. வாசித்தவரோ நிற்கவேண்டும், நடக்கவேண்டும். தோளிலே துண்டு கிடக்கலாகாது. ஊர்வலத்தின் முன்னே வியர்க்க வியர்க்க வாசிக்கவேண்டும், பந்தியிலே கடைசியாக உண்ணவேண்டும். திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, நீண்ட கோட்டு அணிந்து, மேடையிலே அமர்ந்துதான் வாசிப்பேன் என்றபோது, செருக்கு என்றனர், ஆடம்பரம் என்றனர். அவருடைய தோடி இராகத்தைப் பற்றிக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆகவே கோட்டைப் பற்றிச் சொன்னார்கள். வியன்னாவிலே பிரிட்ஜ்டவரின் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்த கண்ணும் இந்தக் கண்ணும் உடன்பிறந்தவை.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்திலே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941 ஆகத்து மாதம் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரியிலே தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்றது மாநாடு. அதே ஆண்டு திசம்பரிலே சென்னை மியூசிக் அகாடமி, இசையின் தரமே நோக்கமாக வேண்டும், மொழி பற்றிய எண்ணம் அதைத் தாழ்த்திவிடக் கூடாது என்ற பொருளிலே தீர்மானம் செய்தது. ‘இசைக்கு மொழியில்லை’ என்பது அந்நாளிலே எதிர்ப்பாளர் நாவிலே தவழ்ந்த வாதம்.

இந்த வாதத்தைச் சற்று உரசிப் பார்ப்போம். இசைக்கு மொழியில்லை என்பது ஓரிடத்திலே முழு உண்மை. பீத்தோவனின் சொனாட்டாவுக்கு மொழியில்லை. வரியே இல்லாதபோது மொழி ஏது? ஆனால் பாட்டுக்கு வரி உண்டு. வரி உண்டென்றால் மொழி உண்டு. மொழி எதுவானாலும் ஒன்றே என்று மெய்யாகவே எண்ணுபவர், தெலுங்குப் பாட்டு இருந்த இடத்திலே தமிழ்ப் பாட்டு வந்தால் கலங்கவேண்டிய காரணமென்ன? எல்லாம் ஒன்று என்பவர்க்கு எது வந்தாலும் ஒன்றுதானே! கலங்கினார்கள் என்பதே, அவர்கள் காதுக்கும் மொழி இருந்தது என்பதற்குச் சான்று.

1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். பூசல் எழுந்தது. அந்த நிகழ்ச்சியைக் கண்டித்து, ‘குடி அரசு’ ஏட்டிலே இளைஞர் மு. கருணாநிதி எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘தீட்டாயிடுத்து’. தேசிகரின் குரலிலே குறையா? அவர் குரலைத் திரைப்படத்திலே கேட்டு மயங்காதார் அந்நாளில் உண்டா? சுருதி இல்லை, தாளம் இல்லை என்றால், அதை இசைக் குறை எனலாம். தீட்டு என்பது எந்தச் சுரத்தின் பெயர்? குடல் நரம்புப் பிடிலிலே ஒட்டாத தீட்டு, தமிழ்ச் சொல்லிலே எப்படி வந்து ஒட்டிற்று?

ஆயினும் இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கசப்பாயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் கேட்டு இகழ்ந்தவர்களைச் சொன்னோம். கண்ணால் கேட்டுப் புகழ்பவர்களும் உண்டு. பாடியவர் நம்மவர் என்றதும் சுருதி சேர்ந்துவிடுகிறது; வாசித்தவர் எதிர்முகாம் என்றதும் தாளம் தவறிவிடுகிறது. யார் வாயிலிருந்து வந்தது என்று பாராமல் மெய்ப்பொருளைக் காணச் சொன்ன வள்ளுவரை, மேடைதோறும் எடுத்துக்காட்டும் நாம், இசைக் கூடத்திலே மட்டும் அவரை வாயிலிலே நிறுத்திவிடுகிறோம். ‘அவரவர் சுவை, அதிலே வாதமென்ன?’ என்று கைகழுவுவதும் வழியன்று. சுவைக்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கேட்கலாம். எது உங்களுக்குப் பிடிக்கவில்லை, எந்த இடத்திலே, ஏன் என்று கேட்டால், காதிலிருந்து வந்த விடையும் கண்ணிலிருந்து வந்த விடையும் தனித்தனியே பிரிந்து நிற்கும். பிரிட்ஜ்டவரை நாம் பாராட்டுவது கறுப்பர் என்பதற்காக அன்று. மை காயாத தாளைப் பார்த்து வாசித்தபடியே, தாளில் இல்லாத ஓர் ஓட்டத்தை அந்த நொடியிலே படைத்தார் என்பதற்காக.

அவர் பின்னர் இங்கிலாந்து திரும்பினார். 1811-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே இசைப் பட்டம் பெற்றார். 1860-இல் இலண்டனின் பெக்காம் பகுதியிலே காலமானார். சொனாட்டா கிரொய்ட்சர் பெயரிலேயே அச்சாகிக்கொண்டிருந்தது, இன்றும் அச்சாகிறது. 2009-இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கவிஞர் ரீட்டா டவ், பிரிட்ஜ்டவரின் வாழ்வைக் கவிதை நூலாக்கினார். பீத்தோவன் அழித்த அந்த விளையாட்டுப் பெயரையே நூலுக்குத் தலைப்பாக்கினார்.

இங்கே நகரியத்திலே, நாம் பாடம் நடத்தும் பதினோராம் வகுப்பு மாணவர் சிலருக்கு இந்த இசைப்பதிவை ஒலிக்கச் செய்தோம். பெயரும் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை. சுரங்கத்திலே ஷிப்டு வேலை பார்ப்போரின் பிள்ளைகளும், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தோரின் பிள்ளைகளும் கலந்த கூட்டம். அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். அவன் கேட்டது சரிதான், அது வழக்குத்தான். படத்திலே துரத்தும் காட்சிக்கு வரும் இசை என்றான் இன்னொருவன். சொல்லே இல்லையே, எங்கே கைதட்டுவது என்று கேட்டான் மூன்றாமவன். ஒரு மாணவி மட்டும், முதற்பகுதி பிடித்தது, இரண்டாவது அலுத்தது என்றாள். ஏன் என்றோம். வரவேற்பிலே மணப்பெண் புடவை மாற்றி மாற்றி வருகிற மாதிரி, அதே மெட்டு வேறு வேறு உடுத்தி வருகிறது. பெண் ஒருத்திதானே என்றாள். அந்தப் பகுதி, ஒரு மெட்டும் அதன் நான்கு மாற்றுருவங்களுந்தான். இசை இலக்கணம் எதுவும் அவள் படித்ததில்லை.

பிறகு கதையைச் சொன்னோம். வியன்னா, பிரிட்ஜ்டவர், பறிபோன பெயர், எல்லாம். மறுமுறை ஒலிக்கச் செய்தபோது, முதலிலே கொட்டாவி விட்டவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றனர். கறுப்பர் வாசித்ததாயிற்றே, எப்படிக் குறை சொல்வது? சண்டை என்றவன்கூட இப்போது வீரம் என்றான். அந்த மாணவியைக் கேட்டோம். பெயரைப் பறித்தது அநியாயம், அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன் என்றாள். இரண்டாவது பகுதி?

“அது இப்பவும் அலுப்பாகத்தான் ஐயா இருக்கிறது.”

டால்ஸ்டாயின் கதைமாந்தன் அந்தப் பகுதியைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ அதுவே. அந்தக் கதையை நாம் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.